வியாழக்கிழமைக் கூடை

ஸாரெச்சா
மே 6

அன்புள்ள லவோனுக்கு,

அக்கா தைசா எழுதுவது. நீ என் மேல் கொதித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். நீ அழைத்தால் நான் எடுப்பதில்லை. போதாததற்கு உன் எண்ணையே கைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லவும் வழி இல்லாமல் போனதால்தான் இந்தக் காகிதம். நம் ஊர் யாத்விகா சோப்புத்தூளும் பாலாடைக்கட்டியும் வாங்க அடிக்கடி எல்லை தாண்டி, போலந்தில் நீ இருக்கும் பெலஸ்தோக்குக்குப் பஸ் ஏறுகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். எல்லையில் கைபேசியைத்தான் குடைகிறார்களாம். காகிதத்தை ஒருவரும் சீந்துவதில்லை என்கிறாள்.

விஷயம் இதுதான். தலைநகர் மின்ஸ்கிலிருந்து புதுக் கொள்கை இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டுமாம். எங்கள் குடிநீர் அலுவலகத்தில் கணினி தெரிந்த ஒரே பையன் வார்சாவுக்குப் போய்விட்டான். இயக்குநர் கிளாவ்தியா அம்மா எல்லோரையும் கூட்டிவைத்து, அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கினால் எடுக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான், தண்ணீர் பில் போட்டுக்கொண்டிருந்தவள் நாட்டைக் காப்பாற்றுகிறவளாகிவிட்டேன்.

மாகாணத் தலைநகர் ஹ்ரோத்னாவில் வகுப்பு வைத்தார்கள். எதிரி கைபேசி வழியாகத்தான் வருகிறான் என்றார் வகுப்பெடுத்தவர். நான் எழுந்து, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசுவது குற்றமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "குத்தமில்லீங்க. ஆனா தேவையா?" என்றார். தேவையா என்றால் என்ன அர்த்தம்? பேசலாம் என்றா, கூடாது என்றா? வீடு வரும்வரை யோசித்தேன். புரியவில்லை. வந்ததும் உன் எண்ணை எடுத்தேன்.

இன்னொன்றும் கேட்டேன். பம்பை ஓட்டும் எங்கள் கணினிக்குக் கடவுச்சொல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஊர் குடிக்கும் தண்ணீர் அதன் கையில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்றேன். அது பாடத்தில் இல்லை என்றுவிட்டார்.

அப்பா நன்றாக இருக்கிறார். முட்டி வலி என்று புலம்புகிறார், ஆனால் காட்டுக்குப் போகும் நாளில் மட்டும் வலி லீவு போட்டுவிடுகிறது. நீ எப்போது வருகிறாய் என்று தினமும் கேட்கிறார்.

தைசா


பெலஸ்தோக்
மே 17

மாட்சிமை பொருந்திய தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் தம்பி என்று சொல்லிக்கொள்ளும் ஆபத்தான எதிரி எழுதுவது.

நான் என்ன, வைரஸா? அழைத்து அழைத்து ஓய்ந்துபோய், அப்பாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது, மறைக்கிறாய் என்று பயந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்திருக்கலாம். அப்பாவும் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதுவும் உன் வேலைதானே? சரி, விடு. ஆசாமி ஒருவன் "தேவையா" என்று கேட்டால் தம்பியைத் தூக்கிப் போட்டுவிடுவாய். அம்மா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள்.

நான் இங்கே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், அக்கா. போன அக்டோபரில் வந்ததிலிருந்து குளியலறை, குளியலறை, குளியலறை. எனக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? ஊர்க்காரர்களுக்காக நான் கைபேசியில் நடத்தும் சேனலையும் நீ பார்த்திருக்கிறாய். பெயரே 'ஸாரெச்சா காளான்'. எவன் எந்தக் காளானைப் பறித்தான் என்று படம் போடுவார்கள், மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். எந்த இடம் என்று கேட்டால் மட்டும் ஊரே ஊமை. காளான் விளையும் இடத்தைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லமாட்டான் நம் ஊர்க்காரன். இப்படிப்பட்டவர்களிடமிருந்து எதிரி என்ன ரகசியத்தைக் கறக்கப் போகிறான்?

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். என் பாஸ்போர்ட் நவம்பரில் முடிகிறது. இப்போதெல்லாம் தூதரகத்தில் புதுப்பித்துத் தருவதில்லை, ஊருக்கு வந்துதான் வாங்க வேண்டும். செப்டம்பரில் வருகிறேன். அப்பாவோடு காட்டுக்கும் போகலாம். என் பெயர் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் விசாரித்துச் சொல். இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவன் தைரியமாகப் போ என்கிறான். இன்னொருவன், போனவன் திரும்பவில்லை என்கிறான். நீதான் இப்போது பெரிய இடம் ஆயிற்றே.

லவோன்


ஸாரெச்சா
மே 30

லவோன்,

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. உட்கார்ந்து படி.

வாரா வாரம் வியாழக்கிழமை நான் எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பார்க்க வேண்டும். விருப்பப்பட்டுக் கொடுப்பதாகப் பெயர். கொடுக்க விருப்பமில்லாதவர் ஏன் விருப்பமில்லை என்று எழுதித் தர வேண்டும். வாசலில் ரொட்டிக் கூடை ஒன்றை வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிறார்கள். யாராவது தடைசெய்த சேனலில் சேர்ந்திருக்கிறார்களா என்று தடைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியல் ஒவ்வொரு வாரமும் குட்டி போடுகிறது.

இந்த வாரம் வந்த புதுப் பக்கத்தில் 'ஸாரெச்சா காளான்' இருக்கிறது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதேதான். காரணம் போடவில்லை. பெயர், தீர்ப்பு வந்த நீதிமன்றம், அவ்வளவுதான். நீ அதில் என்ன போட்டாய்? காளான் என்று சொல்லாதே. காளானுக்கு நீதிமன்றம் தீர்ப்பு எழுதுமா?

அந்தச் சேனலில் நான் இருந்தேன். அன்றே வெளியே வந்துவிட்டேன். கிளாவ்தியா அம்மா இருக்கிறார். பம்பு ஓட்டும் அடாம் இருக்கிறான். அலுவலகத்தில் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வது? எச்சரித்தால், உள்விஷயத்தை வெளியே விட்டவள். எச்சரிக்காவிட்டால், கூட வேலை செய்கிறவர்களைப் பிடித்துக் கொடுத்தவள். சேர்ந்திருப்பதற்கே பதினைந்து நாள் உள்ளே போடுகிறார்கள். அடாமிடம் மட்டும் ஜாடையாக, கைபேசியைச் சுத்தம் செய்து வை என்றேன். அவன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "பளபளன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டான். தலையிலடித்துக்கொண்டேன்.

இந்த முறை கூடையில் போட்டவற்றைப் பார்த்தும் பார்க்காதது போல் விட்டுவிட்டேன். எல்லாம் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதுவே குற்றம். ஆனால் ஜூன் 12, வியாழக்கிழமை, ஹ்ரோத்னாவிலிருந்து கேப்டன் ருட்கோ என்பவர் சோதனையிட வருகிறார். அவர் என் கண்ணால் பார்க்கமாட்டார்.

எனவே சொல்வதைக் கேள். வியாழனுக்கு முன்பாக, சத்தம் போடாமல், ஒவ்வொருவராகச் சேனலிலிருந்து எடுத்துவிடு. உன்னால் அது முடியும்தானே? செப்டம்பர் பற்றி இப்போது கேட்காதே. சேனலின் பெயர்தான் இருக்கிறது, உன் பெயர் எங்கும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

தைசா


பெலஸ்தோக்
ஜூன் 12, வியாழன்

அக்கா,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. பக்கத்து எல்லையை மூடிவிட்டார்களாம். யாத்விகா நாட்டைச் சுற்றிக்கொண்டு, கால் வீங்கி, என்னைத் திட்டியபடியே வந்து கொடுத்தாள். படித்துக்கொண்டே வந்தேன், 'வியாழன்' என்று பார்த்தேன், இன்றைக்கு என்ன கிழமை என்று அவளிடம் கேட்டேன்.

ஒவ்வொருவராக எடுக்க நேரம் ஏது? நாலாயிரம் பேர் இருக்கிறார்கள், யார் உன் அலுவலகம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாதிப் பேர் முள்ளம்பன்றி, ஓநாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிமெண்டு கையைத் துடைத்துவிட்டு உடனே எல்லோருக்குமாக ஒரு செய்தி போட்டேன்: 'இந்தச் சேனல் தடைசெய்யப்பட்டுவிட்டது. எல்லோரும் இப்போதே வெளியேறுங்கள்.' மணி பத்து இருக்கும். ஜனங்கள் திமுதிமுவென்று வெளியேறுவதைக் கண்ணால் பார்த்தேன். கேப்டன் மதியத்துக்கு மேல்தானே வருவார்? இந்த ஆட்கள் காலையில் எங்கே எழுந்திருக்கிறார்கள். அதற்குள் ஊரே சுத்தமாகியிருக்கும். உன் தம்பிக்கு ஒரு சபாஷ் போடு.

எதற்குத் தடை என்று நானும் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. போன செப்டம்பரில் வந்த படம். ஒரு மரக்கட்டை, அதன் மேல் கூடை நிறையக் காளான், பின்னால் சாலையில் தார்ப்பாய் போட்ட மூன்று லாரி. ராணுவ லாரி போலிருக்கிறது. படைகள் எங்கே நகர்கின்றன என்று ஊருக்குக் காட்டிக் கொடுத்தோமாம், வேறென்ன இருக்கப் போகிறது. அந்தப் படத்தை யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் அனுப்புகிறார்கள்.

உடனே பதில் போடு. மனசு அடித்துக்கொள்கிறது.

லவோன்


ஸாரெச்சா
ஜூன் 14

சபாஷ் வேண்டுமா உனக்கு? இந்தா.

கேப்டன் ருட்கோ காலையிலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், அமைதியாகப் பேசுகிறார், தேநீருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். கூட்ட அறையில் எல்லோரையும் நிற்க வைத்தோம். நடுமேசையில் கூடை, கூடை நிறையக் கைபேசிகள். தகவல் இறையாண்மை பற்றி அவர் பேச ஆரம்பித்தார். நாட்டுக்கு வேலி நிலத்தில் இல்லை, நம் பாக்கெட்டில் இருக்கிறது என்றார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது கூடை அதிர்ந்தது.

ஒன்று இரண்டல்ல, லவோன். மொத்தக் கூடையும் மேசை மேல் உறுமிக்கொண்டே நகர்ந்தது. கல்யாண வீட்டு அக்கார்டியன் பாட்டை மணியோசையாக உச்சத்தில் வைத்திருக்கிற ஒரே ஆள் அடாம், அவனுடையது அதையும் சேர்த்துப் பாடியது. எல்லாவற்றின் முகத்திலும் வெளிச்சம். மேலே கிடந்தது கிளாவ்தியா அம்மாவுடையது. 'ஸாரெச்சா காளான்: இந்தச் சேனல் தடைசெய்யப்பட்டுவிட்டது' என்று எனக்கே படிக்க முடிந்தது. எல்லோரும் வெளியேறுங்கள் என்றதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் நிஜமாகவே கதவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

அதோடு இன்னொன்றும் அதிர்ந்தது. கூடையில் இல்லை. கேப்டன் ருட்கோவின் கோட்டுப் பாக்கெட்டில்.

அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். பிறகு சுவரைப் பார்த்தோம். கேப்டன், "உங்க ஊர்ல பூமிக்கடியில குழாய் ரொம்பச் சத்தம் போடுது" என்றார். "பழைய குழாய்ங்க" என்றார் கிளாவ்தியா அம்மா. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடாமின் கைபேசியை மட்டும் கையோடு எடுத்துப் போனார்.

இப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் காளான் பார்க்கிறவர் என்றால் எங்களை விட்டுவிடுவாரா? இல்லை, நாங்கள் அதைப் பார்த்துவிட்டோம் என்பதற்காகவே எங்களை விடமாட்டாரா? ஏன் அடாமுடையதை மட்டும் எடுத்தார்? பாட்டுப் பாடியதாலா? பெண்டாட்டி போனபின் பள்ளிக்கூடம் போகும் மகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறவன் அவன். நேற்று வந்து என்னிடம், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? நீங்க பொறுப்பாளர்தானே, சொல்லுங்க" என்றான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. உன்னைக் குற்றம் சொல்ல வாயைத் திறக்கிறேன். காகிதத்தில்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தவள் நான்தானே என்ற நினைப்பு வந்து மூடிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் படத்தை யார் எடுத்தது என்று நான் கேட்கவே இல்லை. நீயாகவே தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போலிருக்கிறது. யார் என்று தெரிந்தால் சொல், லவோன்.

தைசா


பெலஸ்தோக்
ஜூன் 27

அக்கா,

முதலில் கேப்டன் பாக்கெட் வரைக்கும் படித்துவிட்டு, சிரிப்பு தாங்காமல் பசையில் கால் வைத்துவிட்டேன். பிறகு கடிதத்தில் அடாம் வந்தான். சிரித்ததற்கு என் வாயிலேயே போட்டுக்கொண்டேன். அவன்தான் எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான், உனக்கு நினைவிருக்காது.

அவனுக்கு என்ன ஆயிற்று? ஊர்ச் செய்தி ஒன்றும் தெரியவில்லை. சேனலில் இப்போது ஒரு பூச்சியும் இல்லை, நான் மட்டும் வீட்டுக்குக் காவல் போல உட்கார்ந்திருக்கிறேன். அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழித்தால் ஆதாரத்தை அழித்தான் என்பார்களாம், வைத்திருந்தால் இன்னும் நடத்துகிறான் என்பார்களாம். எதைச் செய்தாலும் ஒரு குற்றம் தயாராக இருக்கிறது. அதனால் ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

படம் யார் எடுத்தது என்று கேட்காதே. தெரியாததே உனக்குப் பாதுகாப்பு. பொறுப்பாளருக்கு இதைக்கூடச் சொல்லித் தரவில்லையா?

செப்டம்பரில் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல். என் பழைய ரப்பர் பூட்ஸை எலி கடிக்காமல் வைத்திருக்கச் சொல்.

லவோன்


ஸாரெச்சா
ஜூலை 10

லவோன்,

இதை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைத்தால் மறுபடியும் கிழித்துவிடுவேன், எனவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கேப்டன் ருட்கோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாதாரண உடை. கையில் கேஃபிர் மோர்ப் போத்தல். அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக அழைத்து, ஊர்க்கதை பேசுவது போலத்தான் ஆரம்பித்தார்.

"தைசா அபனாசவ்னா, நானும் ஞாயித்துக்கிழமையானா காட்டுக்குப் போறவன்தான். எனக்கு யார் மேலயும் கோவம் கிடையாது. ஆனா கோப்புன்னு ஒண்ணு திறந்துட்டாங்க. உள்ள ஒரு ஆள் இல்லாம அதை மூட முடியாது. ஆள் உள்ளூர்ல இருந்தா நான் கூட்டிட்டுப் போயாகணும். இப்ப அந்த பம்புக்காரரைத்தான் குறிச்சு வெச்சிருக்கோம். ஆள் வெளியில இருந்தா, எழுதி மூடிடலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"யாருக்கும்னா?"

"இங்க இருக்கிறவங்க யாருக்கும்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பஸ் போயிற்று. அடாமின் மகள் முகம் வந்தது. உன் முகமும் வந்தது, ஆனால் நீ எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், உன்னை யாரும் தொட முடியாது என்று சொல்லிக்கொண்டேன். செப்டம்பரை நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நினைத்தேன். நினைத்துக்கொண்டே, "லவோன். என் தம்பி. அவன்தான் அந்தச் சேனலை நடத்துறான்" என்றேன்.

அவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. தெரியும் என்பது போலத் தலையாட்டினார். முன்பே தெரிந்திருக்கிறது! பின்னே எதற்கு என் வாயால் கேட்டார்? மறுநாள் அலுவலகத்துக்குத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார், கையெழுத்துப் போட்டேன். அடாமுக்குக் கைபேசி திரும்பி வந்துவிட்டது. எனக்கு ரொட்டியும் காளான் ஊறுகாயும் கொண்டுவந்து கொடுத்து, நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்றான். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அடாமுக்காகச் செய்தேனா, எனக்காகச் செய்தேனா? சுத்தம் என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அடாமைத் தோண்டினால் அடுத்தது நான்தான் வருவேன். அதுவும் மனதில் இருந்தது. எவ்வளவு இருந்தது என்று எனக்கே அளக்கத் தெரியவில்லை.

எழுந்து போகும்போது அவர் சொன்னது: "சேனல் முடிஞ்சுது. படம் எடுத்த ஆள் மட்டும் தனி. லாரியைப் படம் பிடிச்சது வேற வழக்கு, அது பெருசு. அதை மேல கேட்டுக்கிட்டே இருக்காங்க. இங்கதான் யாரோ இருக்காங்க." அந்த ஆளை உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் ஒளிந்துகொள்ளச் சொல்.

நீ செப்டம்பரில் வரக்கூடாது. இப்போதைக்கு என்று எழுதப் போனேன், அதை அடித்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

தைசா


பெலஸ்தோக்
ஜூலை 26

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு டைல்ஸ் போல ஒட்டவைத்து மறுபடியும் படித்தேன். ஒரு வாரம் உன்னைத் திட்டினேன். இங்கே கூட இருப்பவர்களிடம், எனக்கு ஊரில் யாரும் இல்லை என்று சொன்னேன். அடாம் வெளியே இருக்கிறான் என்று நினைத்தால் உன் மேல் கோபம் வரவில்லை. அப்பாவை இனிப் பார்க்க முடியாது என்று நினைத்தால் வேறு எதுவும் வரவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க எனக்குத் தெரியவில்லை. ஒன்று மாற்றி ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, நாளுக்கு ஒரு பதில் வரும்.

படம் எடுத்த ஆளை ஒளிந்துகொள்ளச் சொல் என்றாய். அவர் உன் வீட்டிலேதான், உன் அடுப்பங்கரையிலே உட்கார்ந்திருக்கிறார். அப்பாதான் எடுத்தார்.

போன செப்டம்பரில் அவருக்கு வாழ்நாளில் கிடைக்காத கூடை கிடைத்தது. அங்கேயே படம் எடுத்தால் மரத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். அதனால் அந்தக் கூடையை முட்டி வலியோடு சாலை வரைக்கும் தூக்கி வந்து, கட்டை மேல் வைத்து, எடுத்தார். தன் காட்டை யாருக்கும் காட்டாமல் மறைத்துவிட்ட பெருமையில் லாரி வந்ததை அவர் பார்க்கவே இல்லை. எனக்கு அனுப்பி, "எங்கேன்னு ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாதுடா" என்று சிரித்தார். நான்தான் சேனலில் போட்டேன். நானும் லாரியைப் பார்க்கவில்லை. காளானைத்தான் பார்த்தேன்.

அந்த மாதம் நானும் ஊரில் இருந்தேன் அல்லவா? அன்றைக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு, ஆனால் அது யாருக்கு நினைவிருக்கப் போகிறது. அதனால் முந்தாநாள் சேனலைத் திறந்து, கடைசியாக ஒன்று போட்டேன். அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன், தெரிந்தேதான் எடுத்தேன், லவோன், அபனாசின் மகன், என்று. பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டேன். அங்கே யாரும் இல்லை. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேப்டனும் அந்த இரண்டாவது வழக்கின் கோப்பை மூடிவிடலாம். எனக்கு எல்லை மூடியாயிற்று, அது உன் கையெழுத்தால் மட்டும் மூடியதல்ல, இனி அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரியாதே.

இப்போது நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அப்பாவுக்கு இது தெரியக்கூடாது. தெரிந்தால் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். கோட்டை மாட்டிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், நான்தான் எடுத்தேன், என் பிள்ளையை விடுங்கள் என்பார். அதனால் நான் ஊரை வெறுத்துவிட்டேன் என்று சொல். இங்கே ஒருத்தியோடு வாழ்கிறேன், அவள் பெயர் ஹலினா, வரமாட்டேன் என்றுவிட்டேன், பூட்ஸைத் தூக்கிப் போடச் சொன்னேன் என்று சொல். திட்டட்டும். திட்டிக்கொண்டிருக்கும் வரை எதற்கு வரவில்லை என்று யோசிக்கமாட்டார். அவர் பாவப்பட ஆரம்பித்தால் ஆபத்து. நீயும் கூடச் சேர்ந்து திட்டு, அப்போதுதான் நம்புவார். அவர் கைபேசியில் இருக்கும் படங்களை எல்லாம் அழித்துவிடு.

லவோன்


ஸாரெச்சா
ஆகஸ்ட் 9

என் லவோனுக்கு,

படங்களை அழித்துவிட்டேன். கைபேசி கெட்டுப்போயிற்று என்றேன். உனக்குத் தெரியாததா என்று கொடுத்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் அப்பா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார், நான் துருவிக்கொண்டிருந்தேன். யாத்விகா வந்து சொன்னதாக, நீ சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஹலினா என்றபோது கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பூட்ஸ் என்றபோது முகம் சிவந்துவிட்டது. பிறகு திட்டினார். நாய், நன்றி கெட்டவன், போலந்து ரொட்டி தின்று கொழுத்தவன், என் சாவுக்கும் வராதே என்றெல்லாம் திட்டினார். நீ எதிர்பார்த்தது போலவே.

நானும் சேர்ந்துகொண்டேன். முதலில் நடிப்புதான். எனக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, எப்போதும் தன் சுகம்தான், அம்மா நோயில் கிடந்தபோதும் இப்படித்தான் என்று ஆரம்பித்தேன். லவோன், பாதியில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. உன் மேலா, அந்தக் கேப்டன் மேலா, கூடையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்த இந்தக் கிழவர் மேலா, கையைத் தூக்கிய என் மேலா. கத்தினேன். அழுதேன். அவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றேன். எது நான் சொன்னது, எது நீ சொல்லச் சொன்னது என்று இப்போதும் பிரிக்கத் தெரியவில்லை.

என் சத்தத்தில் அப்பா திட்டுவதை நிறுத்திவிட்டார். எழுந்து வந்து என் கையிலிருந்த துருவியை வாங்கி வைத்தார்.

"விடும்மா. சின்னப் பய, ஏதோ கோவத்துல பேசியிருக்கான். அவன் பாஸ்போர்ட்டு நவம்பர்ல முடியுது. வராம எங்க போவான்?" என்றார்.

அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நீ எழுதவில்லையே.

தைசா